கால்நடை டாக்டர் பதில்கள்: பாம்புப் பெட்டியில் நிழல் எங்கே?

என் மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். மாசி மாசம் மூணடி நீளத்தில் ஒரு பால் பைத்தானை (பந்து மாதிரி சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு, ball python) வாங்கி ஈரோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். இரண்டடி மீன் தொட்டியில் விட்டு, உள்ளே 100 வாட்ஸ் குண்டு பல்பு போட்டிருக்கிறான். பாம்பு பகலெல்லாம் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. அஞ்சு வாரமாக இரை எடுக்கவில்லை. என் மாமியார் ஆசாரத்து (கூடத்து)ப் பக்கமே வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? – ஈரோடு வாசகி

அம்மிணி, முதலில் அந்தப் பல்பை அணைச்சுட்டு வாங்க. மீதியை அப்புறம் படிக்கலாம்.

சித்திரையில் உங்க ஊரில் வெளியே 40 டிகிரி. கான்கிரீட் போட்ட தார்சு வீடென்றால் மதியம் மூணு மணிக்கு உள்ளேயே 35 இருக்கும். அதற்குள் ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்குள் ஒரு பல்பு. அது கிண்ணத்தில் போய்ப் படுக்காமல் வேறென்ன செய்யும்?

பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. வேண்டும்போது சூடான பக்கம் போகும், போதுமென்றால் மறுபக்கம் ஊர்ந்துவிடும். அதனால் பெட்டியில் ஒரு கோடி 31, 32 டிகிரி, மறு கோடி 25, 26 டிகிரி இருக்க வேண்டும். இந்த ஜாதி மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்தது. அங்கேயும் வெயில்தான், ஆனால் பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் பதுங்கிக்கொள்ளும். பையன் பார்த்த வீடியோக்களில் எல்லாம் சூடு ஏற்றத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் ஊரில் பனி கொட்டுகிறது. ஈரோட்டில் சூடு சும்மா கிடைக்கிறது, அந்தக் குளிர்ந்த கோடிக்குத்தான் நாம் பாடுபட வேண்டும்.

தொட்டி மாடியிலோ அட்டாலியிலோ (பரண்) இருந்தால் இறக்கி, கீழ்த்தளத்தில் வடக்குப் பார்த்த அறையில், தரையை ஒட்டி வையுங்க. ஏ.சி. இருந்தால் மதியம் 26-ல் ஓடட்டும். இல்லாவிட்டால் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றி, ஒரு கோடியில் வெளிப்பக்கமாகச் சாய்த்து வைக்கலாம். மார்கழியில் ராத்திரி 20-க்குக் கீழே இறங்கும்போது ஹீட் பேட் வேண்டியிருக்கும். அதையும், சூடு ஏறினால் தானாக அணைக்கிற தெர்மோஸ்டாட் இல்லாமல் போடக்கூடாது. பல்லடம் பக்கம் குஞ்சு பொரிக்கிற மெஷினுக்குப் போடுகிறார்களே, அந்தச் சின்ன டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே போதும். அதன் சென்சார் ஒயரைக் கிளிப்பில் மாட்டுங்க. உள்ளே டேப் ஒட்டினால் செதிலோடு ஒட்டிக்கொண்டு தோலைக் கிழித்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது வருஷம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்ட கை இது. ரிட்டயர் ஆகிற சமயத்தில் ஒரு பையன் தலையணை உறையில் பாம்பைக் கொண்டுவந்தான். அடிவயிறு பழுப்பேறிப் புண்ணாக இருந்தது. பூஞ்சை என்று நினைத்துக் களிம்பு கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்துச் செதில் கழன்றபோதுதான் அது சுட்ட புண் என்று புரிந்தது. தொட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த ஹீட் பேடின் வேலை! வயிறு வேகிறதென்று பாம்புக்கு உறைக்காது, அப்படியே கிடக்கும். அன்றிலிருந்து, பாம்பைப் பார்க்கும் முன் அது இருக்கிற பெட்டியின் போட்டோவைக் கேட்கிறேன்.

இனி பெட்டி. வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். மீன் தொட்டியின் வலை மூடி வழியாக ஈரமெல்லாம் போய்விடும். பழைய டி.வி. ஸ்டாண்டு கிடந்தால் ஆசாரியிடம் கொடுத்து, முன்னால் நகரும் கண்ணாடி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், ஒரு பூட்டு போட்டு வாங்குங்க. பூட்டு உங்க மாமியாருக்காக மட்டுமில்லை, தலை நுழைகிற சந்து கிடைத்தால் உடம்பும் வெளியே வந்துவிடும்.

பதுங்கிடம் ரெண்டு வேண்டும், கோடிக்கு ஒன்றாக. நிறையப் பேர் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போது பாம்பு வெந்தாலும் விறைத்தாலும் அந்த ஒரே மறைவை விட்டு நகராது. மண்சட்டியில் வாசல் வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் கவிழ்த்தால் போதும். சுருண்டு படுத்தால் உடம்பு சுவரில் உரச வேண்டும், அந்த நெருக்கம்தான் அதற்குத் தைரியம்.

தண்ணீரில் கிடப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: உண்ணி. கிண்ணத்தின் அடியில் கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரிகிறதா, கண்ணோரமும் தாடைக்கு அடியிலும் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் என்னை மாதிரி ஆளிடம் கொண்டு போங்க. மாட்டு உண்ணி மருந்தைத் தடவிவிடாதீங்க.

அஞ்சு வாரப் பட்டினிக்குப் பயப்பட வேண்டாம். இந்த ஜாதி மாசக்கணக்கில் விரதம் இருக்கும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுங்க. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் போகலாம். பெட்டி சரியானபின் ஒரு வாரம் யாரும் கையில் எடுக்கக் கூடாது. பிறகு உறைய வைத்த எலியை இளக்கி, வெதுவெதுப்பாகக் கொடுங்க. உயிர் எலியை விட்டுவிட்டுப் போனால் அது பாம்பைக் கடித்துவைக்கும். எலிக்குத் தனி ஃப்ரீஸர் பையன் செலவில் வரட்டும், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். 2024-ல் வந்த விதிப்படி இந்த மாதிரி வெளிநாட்டு விலங்கை வாங்கினால் 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மாசியில் வாங்கியதென்றால் கெடு தாண்டிவிட்டது. வாங்கின சீட்டோடு மாவட்ட வன அலுவலகத்துக்கு அவனையே போகச் சொல்லுங்க. சரியாக வளர்த்தால் 20, 30 வருஷம் இருக்கும். 2020-ல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலையில் அறுபது வயது தாண்டிய ஒன்று முட்டையே இட்டது. பையன் கல்யாணமாகி வெளிநாடு போனால் யார் பார்ப்பது என்று இப்போதே கேட்டு வையுங்க.

தோப்பில் மட்டைக் குவியலுக்குள் ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது. வளர்க்கலாமா? – ஆனைமலை வாசகர்

கூடாதுங்க. அது நம்ம காட்டுப் பாம்பு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. பிடித்து வைத்தாலே ஜெயில். ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போடுங்க, அவர்கள் வருகிற வரை நாயைக் கட்டி வையுங்க.

பால் பைத்தானுக்குப் படுக்கையாக பனியன் வேஸ்ட் போடலாமா? இங்கே மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. – திருப்பூர் வாசகர்

வேண்டாம் தம்பி. நூல் கழுத்திலும் வாலிலும் சுற்றும், எலியோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளும் போகும். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி (தேங்காய் நார்) மில்லில் தேங்காய் மட்டைச் சில்லு கேளுங்க. உப்பு இருக்கும், மூணு தண்ணீர் அலசிக் காயவைத்து, மூணு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்க. தோல் உரிக்கிற சமயம் கண் பால் மாதிரி வெளுக்கும், அப்போது கொஞ்சம் தண்ணீர் தெளிங்க. மேலாக ஈரம் இருந்தால் போதும், அடியில் தேங்கினால் வயிற்றில் கொப்புளம் வரும்.