கறுப்புப் படங்கள் வரையும் மகள்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் நன்றாக வரைவாள். இப்போது எல்லாமே கறுப்பு: இடிந்த வீடு, கண்ணில்லாத முகங்கள். சபைக்கு வசன அட்டை எழுதச் சொன்னால் நோட்டை மூடிவிடுகிறாள். பொதுத்தேர்வு முடியும்வரை கலர், பிரஷ்ஷை எடுத்து வைத்துவிடலாமா?

ஒரு தகப்பன்

அன்புள்ள சகோதரருக்கு,

எடுத்து வைக்காதீர்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைவாள், உங்களுக்குத் தெரியாமல். மாலையில் நாற்பது நிமிடம் ஒதுக்கிக் கொடுங்கள், போன் இல்லாமல். இரவு பத்துக்கு மேல் வேண்டாம்.

ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த கைவினைஞன் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்யவும், மரத்தில் சித்திரவேலை செய்யவும்தான் (யாத்திராகமம் 31). வசனம் எழுதினால்தான் வரம் என்றில்லை. அவளாக விரும்பினால் சபைக்கு வரையட்டும். கிறிஸ்துமஸ் மேடைத் திரையை நள்ளிரவுவரை வரையவைத்தால் பிரஷ்ஷைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும்.

கறுப்பைக் கண்டு பயப்படாதீர்கள். 88ஆம் சங்கீதம் ஒரு வரி ஆறுதல்கூட இல்லாமல் முடிகிறது, அதுவும் வேதம்தான். "ஏன் இப்படி வரைகிறாய்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். "இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். தூக்கமும் சாப்பாடும் குறைந்து, தோழிகளை விட்டு ஒதுங்கி, சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஜெபத்தோடு மருத்துவரிடமும் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

இருட்டைத் தடுப்பதைவிட நல்ல இருட்டைச் செய்யக் கற்றுக்கொடுங்கள். டியூபில் வரும் கறுப்பு வண்ணத்தை எல்லா நிறத்திலும் குழைத்தால் படம் சாம்பல் பூத்து உயிரில்லாமல் போகும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பிரவுனையும் ஏறக்குறையச் சமமாகக் கலந்தால் ஆழமான கருமை வரும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், பிரவுன் கூடினால் சூடான நிழல். 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஜெராக்ஸ் தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்துவிடும்; 200க்கு மேல் வாங்குங்கள். பென்சில் 2பி, 4பி, 6பி போதும். இவற்றைவிடக் கடினமான எச்பியை அழுத்தித் தேய்த்தால் தாளில் பள்ளம் விழும், அதன்மேல் நிழல் சீராகப் படியாது.

போன் படத்தைப் பார்த்து வரைவதுதான் பெரிய தடை: எதை விடுவது, எதை எடுப்பது என்பதை கேமராவே முடிவு செய்துவிட்டிருக்கும். ஒரு சொம்பைப் பக்கவாட்டு விளக்கொளியில் வைத்து வரையட்டும். நிழல் பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியும், தரையில் பட்டுத் திரும்பிய ஒளி. அதைக் கண்டுபிடித்துவிட்டால் சொம்பின் உருண்டை வடிவம் தானாக எழும். விடுமுறையில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். நடுகல் வீரர்களின் புடைப்பு, ஒளி நிழல் பழக அருமையானது.

அவளைக் கேட்காமல் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிள்ளைகள் "திடனற்றுப்போகாதபடி" என்று பவுல் பிதாக்களுக்கு எழுதியது (கொலோசெயர் 3:21) இதற்கும் பொருந்தும்.

பிளஸ் டூவுக்குப் பின் சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலைப் பட்டம்) படிக்கலாம். சேர்க்கையில் வரைந்து காட்டச் சொல்வார்கள். அதுவரை எவ்வளவு முன்னேறியிருக்கிறாள் என்று அவளே பார்க்க, சரியாக வராத தாளையும் கிழிக்காமல் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.