கேள்வி பதில்: குகேஷின் ஆட்டம்

கேள்வி: சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம் டிராதான் என்று வர்ணனையாளர்கள் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் ஒரு தப்பு செய்தார், குகேஷுக்குப் பட்டம் கிடைத்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூடாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தப்பு டிங்குடையதுதான். ஆனால் தப்பு வரக்கூடிய இடத்தில் அவரை மணிக்கணக்காக உட்கார வைத்தது யார்?

2024 டிசம்பர் 12. பதினான்கில் பதிமூன்று ஆட்டங்கள் முடிந்து ஆளுக்கு 6.5 புள்ளி. வெள்ளைக் காய் டிங்குக்கு. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டத்தில் டை-பிரேக் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்); அதில் டிங் கைதான் ஓங்கும் என்பது பரவலான கணிப்பு. அதனால் அவர் காய்களை வேகமாக மாற்றிக்கொண்டு, ஒரு சிப்பாய் போனாலும் போகட்டும் என்று முடிவாட்டத்துக்கு இறங்கினார். ஆளுக்கு ஒரு யானை (ரூக்), ஒரு பிஷப் (மந்திரி). குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கம். சரியாக ஆடினால் டிரா. இந்த இடத்தில் பல கிராண்ட்மாஸ்டர்கள் கை குலுக்கிவிட்டு எழுந்திருப்பார்கள். குகேஷ் எழவில்லை.

55-வது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ள அழைத்தார். அவருடைய பிஷப் அப்போது ஏ8 மூலையில் இருந்தது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஓடுவதற்கு ஒரே ஒரு குறுக்குக் கோடுதான். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல், அதே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். இனி டிங்கின் பிஷப் பி7-க்குப் போனாலும் அடி, சி6-க்குப் போனாலும் அடி. கோட்டை விட்டு விலகவும் முடியாது. மாற்றியே ஆக வேண்டும். பிஷப்புகளும் போய்விட்டால் மிஞ்சுவது ராஜாக்களும் சிப்பாய்களும். அந்த நிலையில் கூடுதல் சிப்பாய் உள்ளவருக்கு வெற்றி. 58-வது நகர்த்தலோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

யானையை மாற்றக் கேட்டது மட்டும் பிழையில்லை. பிஷப் மூலையில் முடங்கியிருக்கும்போது கேட்டதுதான் பிழை. வீட்டில் செஸ் ஆடும் பிள்ளைகள் இருந்தால் இதைப் பலகையில் வைத்துக் காட்டுங்கள். வெள்ளை பிஷப்பை ஏ8-இல் வைத்து, கறுப்பு பிஷப்பை டி5-இல் வையுங்கள். தப்பிக்க ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: பிளிட்ஸில் (அதிவேக ஆட்டத்தில்) குகேஷ் சாதாரண கிராண்ட்மாஸ்டரிடம்கூடத் தோற்கிறார். உலக சாம்பியனுக்கு இது அழகா?
– வாசகர், ஆவடி

பதில்: அவர் உலக சாம்பியன் ஆனது கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில். ராபிட்டுக்கும் (வேக ஆட்டம்) பிளிட்ஸுக்கும் தனித்தனி உலகப் பட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம். சராசரியாக ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம். பிளிட்ஸில் முழு ஆட்டத்துக்குமே பெரும்பாலும் அவ்வளவுதான், அதோடு நகர்த்தலுக்கு இரண்டு வினாடி சேரும்.

குகேஷ் பலகையைப் பார்த்ததும் ‘இந்தக் காய் இங்கேதான் போக வேண்டும்’ என்று உள்ளுணர்வில் ஆடுகிறவர் அல்ல. முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் அந்த ரகம். இவர் ஒவ்வொரு கிளையையும் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதும் அதனால்தான்: ஏழெட்டு நகர்த்தல் தள்ளி யோசிக்கும்போது, பலகையில் இப்போது நிற்கும் காய்கள் கண்ணில் பட்டால் குழப்பும். இந்த வேலைக்கு நேரம் வேண்டும். நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் அவருடைய பெரிய ஆயுதம் பாதியாகிவிடும். 2025 ஜனவரி-பிப்ரவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில் அவரும் பிரக்ஞானந்தாவும் 8.5 புள்ளியோடு சமமாக நின்றார்கள்; பிளிட்ஸ் டை-பிரேக்கில் பட்டம் பிரக்ஞானந்தாவுக்குப் போனது. ஆனாலும் அதே ஆண்டு ஜூலையில் ஜாக்ரெபில் நடந்த போட்டியின் ராபிட் பகுதியில் குகேஷ்தான் முதலிடம். வேக ஆட்டமே வராது என்று சொல்லிவிட முடியாது. ஒரே சீராக வருவதில்லை, அவ்வளவே.

கேள்வி: எந்தத் திறப்பு ஆட்டம் அவருக்குப் பிடித்தது? என் மகள் அதையே படிக்க ஆசைப்படுகிறாள்.
– வாசகி, நாமக்கல்

பதில்: ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. டிங்கோடு ஆடிய முதல் ஆட்டத்தில் ராஜாவின் சிப்பாயில் தொடங்கினார். டிங் பிரெஞ்சுத் தற்காப்பை எடுத்து, கறுப்புக் காயில் ஜெயித்தார். மூன்றாவது ஆட்டத்தில் ராணியின் சிப்பாய்க்கு மாறினார். ஒன்பதாவது நகர்த்தலிலேயே ஜி-சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எதிரியின் பிஷப்பைத் துரத்தினார். ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்தது, டிங்கின் கடிகாரமும் தீர்ந்தது. பதினொன்றாவது ஆட்டத்தைக் குதிரையில் தொடங்கி, அதிலும் வென்றார். பின்னால் ஒரு பெரிய உதவிக் குழு மாதக்கணக்கில் வேலை செய்தால்தான் இப்படி மாற்றி மாற்றி ஆட முடியும். மகள் இப்போதைக்கு வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளட்டும். போதும்.

கேள்வி: உலக சாம்பியன் ஆன பிறகு குகேஷின் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) இறங்குகிறதே, ஏன்?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கணக்கைப் பார்த்தால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. 2400-ஐ ஒருமுறை தொட்டுவிட்டவர்களுக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) வைத்திருக்கும் பெருக்கு எண் 10. 2760 உள்ளவர் 2610 உள்ளவரோடு ஆடினால், 150 புள்ளி வித்தியாசத்துக்கு அவரிடம் எதிர்பார்க்கப்படுவது 0.70 புள்ளி. ஜெயித்தால் கிடைப்பது 1; வித்தியாசம் 0.30, அதைப் பத்தால் பெருக்கினால் ரேட்டிங்கில் மூன்று புள்ளி கூடும். டிரா செய்தால் இரண்டு குறையும். தோற்றால் ஏழு போய்விடும். ஒரு தோல்வியைச் சரிக்கட்ட இரண்டு வெற்றிக்கு மேல் வேண்டும்.

2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த கிராண்ட் ஸ்விஸ் போட்டியில் அவர் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் தோற்றார்: அபிமன்யு மிஸ்ரா, நிகோலஸ் தியோடோரு, எடிஸ் குரெல். மூவரும் ரேட்டிங்கில் அவரைவிடக் கீழே உள்ளவர்கள். அடுத்து கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாவது சுற்றில் ஃபிரெடெரிக் ஸ்வானேவிடம் தோற்று வெளியேறினார்.

மீதிப் பாதி அவர் ஆடும் விதத்தில் இருக்கிறது. சாம்பியனோடு டிரா கிடைத்தாலே எதிரிக்குச் சந்தோஷம். இவருக்கு அது நஷ்டம். அதனால் சமநிலையில் இருக்கும் ஆட்டத்தையும் வலிந்து சிக்கலாக்குகிறார். சிக்கல் இரண்டு பக்கமும் வெட்டும். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடிலேயே இதைப் பார்த்தோம்: முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, அமெரிக்காவின் கருவானாவையும் சேர்த்து. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவிடம் வெற்றி நிலையில் இருந்து, டிராவுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஆடி, நேரம் போனதும் கோட்டைவிட்டார். இதே பிடிவாதம்தான் 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் சீனாவின் வெய் யியை 80 நகர்த்தல்வரை இழுத்துத் தோற்கடித்தது; அங்கே பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளி, தனிநபர் தங்கம், அணிக்கும் தங்கம். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கழிக்க முடியாது. நாலு டிராவை நிம்மதியாக வாங்கிக்கொள்ளக் கற்றால் ரேட்டிங் நிற்கும் என்பது எங்கள் எண்ணம். அவர் கற்பாரா, தெரியாது.

கேள்வி: பேடி அப்டன் செஸ் ஆடுவாரா?
– வாசகர், தென்காசி

பதில்: அவர் குகேஷின் மனப் பயிற்சியாளராக இருந்தவர். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்தவர். பலகை வேலையைப் பார்த்தது போலந்தின் கஜெவ்ஸ்கி தலைமையிலான குழு.

கேள்வி: சிங்கப்பூரில் குகேஷுக்குப் பரிசுத் தொகை 13.5 லட்சம் டாலர் என்கிறார்கள். மொத்தம் 25 லட்சம் என்றால் மீதி யாருக்கு?
– வாசகர், விருதுநகர்

பதில்: டிங்குக்கு. ஒரு வெற்றிக்கு 2 லட்சம் டாலர். குகேஷ் மூன்று வென்றார், 6 லட்சம். டிங் இரண்டு, 4 லட்சம். மிச்சம் 15 லட்சத்தை இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். குகேஷுக்கு 13.5, டிங்குக்கு 11.5.

கேள்வி: கிராண்ட்மாஸ்டர் ஆக ‘நார்ம்’ வேண்டும் என்கிறார்களே, அது என்ன? குகேஷ் 17 நாளில் சாதனையைத் தவறவிட்டாராமே?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு ஆடினார் என்ற சான்று அது. வழக்கமாக ஒன்பது சுற்று இருக்க வேண்டும், ஆட்டத்தின் தரம் 2600-ஐத் தொட வேண்டும், எதிராளிகளின் சராசரி 2380-க்குக் குறையக் கூடாது, அவர்களில் மூன்றில் ஒரு பங்காவது கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். இப்படி மூன்று நார்ம், கூடவே ஏதாவது ஒரு கட்டத்தில் 2500 ரேட்டிங். பலர் தடுக்கி விழுவது எதிராளிகள் விஷயத்தில்: எட்டு ஆட்டம் பிரமாதமாக ஆடியும், போதிய கிராண்ட்மாஸ்டர்கள் எதிரே வராததால் நார்ம் கைநழுவும். போட்டியில் பெயர் கொடுக்குமுன் யார் யார் வருகிறார்கள் என்று பட்டியலைப் பார்ப்பது அதனால்தான்.

குகேஷ் 2019 ஜனவரி 15-இல் டெல்லியில் தகுதியை முடித்தார்; வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். அன்றைக்கு சாதனை செர்கேய் கர்யாகினுடையது, அதைத்தான் 17 நாளில் தவறவிட்டார். 2021-இல் கர்யாகினையும் தாண்டியவர், மேலே சொன்ன அதே அபிமன்யு மிஸ்ரா.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ரேட்டிங் 1450. குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டார் என்று படித்தேன். நாமும் விடலாமா? தினமும் எப்படிப் பயிற்சி கொடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: பள்ளியை விட வேண்டாம். குகேஷின் அப்பா காது-மூக்கு-தொண்டை மருத்துவர், அம்மா நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர். அப்பா தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு ஊர் ஊராகப் போக, வீடு அம்மாவின் சம்பளத்தில் ஓடியது. அப்படியும் காசுக்குக் கஷ்டப்பட்டார்கள். 1450-இல் இருக்கும் பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் தாராளம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் விதி: என்ஜின் (ஆட்ட நிலையை மதிப்பிட்டு எண்ணாகக் காட்டும் கணினி நிரல்) வேண்டாம். குகேஷின் அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும் கட்டம்வரை அவரை என்ஜின் பக்கம் விடவில்லை. திரையில் ‘+1.3’ என்று எண் தெரிந்ததும் பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறான். அந்த எண் ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. போட்டியில் அந்த எண்ணும் இருக்காது.

ஒரு சிக்கலான நிலையை நிஜப் பலகையில் அடுக்குங்கள். கடிகாரத்தில் 20 நிமிடம். காயைத் தொடக் கூடாது. முதலில் செக், அடுத்து வெட்டு, அடுத்து மிரட்டல் என்று கண்ணில் படும் நகர்த்தல்களில் மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரியின் சிறந்த பதில் என்ன, அதற்கு இவன் பதில் என்ன என்று தாளில் எழுதட்டும். நேரம் முடிந்த பிறகு விடையைப் பாருங்கள். விடை சரியா என்பதைவிட, எதிரியின் எந்தப் பதிலை அவன் பார்க்கத் தவறினான் என்பதைத் தேடுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வரும்: தனக்குப் பிடித்த நகர்த்தலைக் கண்டதும், எதிரியும் தனக்குச் சாதகமாகவே ஆடுவான் என்று நினைத்துக்கொள்வது. நாளுக்கு இப்படி மூன்று நிலை, அதற்கு மேல் வேண்டாம்.

மீதி நேரத்தில், அவன் தோற்ற ஆட்டத்தின் குறிப்புத் தாளை எடுத்து, எந்த நகர்த்தலில் எவ்வளவு நேரம் செலவழித்தான் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். போட்டி நடக்கும்போதே ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை கடிகார நேரத்தைத் தாளில் குறிக்கும் பழக்கம் இருந்தால்தான் இது முடியும்; அடுத்த போட்டியிலேயே தொடங்கலாம்.