ஆப்பை மூடிட்டு மேல பாருங்க

வணக்கம் சார், ரெண்டு மாசமா ராத்திரி நட்சத்திர ஆப்பை வச்சு வானத்தைப் பாக்குறேன். போனைத் தூக்கிப் பிடிச்சா எல்லா பேரும் வருது, கீழ இறக்கினா ஒண்ணும் ஞாபகம் இல்ல. மொத்தம் 88 நட்சத்திரக் கூட்டமாமே, எங்க ஆரம்பிக்கிறது? டெலஸ்கோப் வாங்கினா சரியாகுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டெலஸ்கோப் இப்ப வேண்டாம். அது வானத்துல துளியூண்டு இடத்தத்தான் காட்டும், எங்க திருப்பணும்னு தெரியாம வாங்கினா குழப்பம்தான் கூடும். 88ங்குறது சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தைப் பாகம் பிரிச்ச கணக்கு, நமக்கு இப்போதைக்கு ஒண்ணு போதும்.

அந்த ஒண்ணு ஓரியன். ஜனவரி, பிப்ரவரில இருட்டினப்புறம் வெளிய வந்தா மூணு நட்சத்திரம் ஒரே கோட்டுல நிக்கும், அது ஓரியன்ங்குற வேட்டைக்காரனோட இடுப்பு பெல்ட். அதுக்கு ஒரு பக்கம் செம்மஞ்சளா திருவாதிரை, மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையா ரீகல். மாத்தி மாத்தி பாருங்க, கலர் வித்தியாசம் பிடிபட்ரும். ரீகல்ல சூடு அதிகம், அதான் நீலம், ஆதிரைல கம்மி, அதான் சிவப்பு. ஒரு நட்சத்திரத்தோட சூட்டை வெறுங்கண்ணால பாக்குறோம்னு எனக்குப் புரிஞ்ச அன்னைக்குத் தூக்கமே வரல.

பெல்ட் கோட்டை ஒரு பக்கம் நீட்டினா சிரியஸ், ராத்திரி வானத்துலயே ரொம்ப பிரகாசமான நட்சத்திரம். எதிர்ப்பக்கம் நீட்டினா ரோகிணி, இன்னும் கொஞ்சம் போனா கார்த்திகைக் கொத்து. அதை நேரா முறைக்காம பார்வைய லேசா ஓரமா வச்சுப் பாருங்க, கூடுதலா ஒண்ணு ரெண்டு புள்ளி தெரியும், ஏன்னா மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்லுங்க கண்ணோட நட்டநடுவுல இல்ல, அதைச் சுத்தித்தான் இருக்கு.

ஆப் தப்புன்னு சொல்லல. ஆனா கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஸ்க்ரீனைப் பாத்தா மறுபடி முதல்ல இருந்து. அதோட நீங்க தேடுறதுக்கு முன்னாடியே அது பதிலைச் சொல்லிடுது, அப்புறம் எப்படி மனசுல நிக்கும்? வெளிய போகும்போது போனை உள்ளயே வச்சுட்டுப் போங்க, வந்தப்புறம் சந்தேகத்தைப் பாத்துக்கலாம்.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம். நட்சத்திரங்க நாளுக்கு 4 நிமிஷம் முன்னாடியே உதிக்கும், மாசத்துக்கு 2 மணி நேரம், அதனால ஓரியன் மெல்ல மேற்க நகர்ந்து போறதும் அந்த இடத்துக்குப் புதுசா வேற கூட்டம் வர்றதும் தானா தெரிய வரும்.

2019 கடைசில திருவாதிரை மங்க ஆரம்பிச்சது, 2020 பிப்ரவரில வழக்கமான பிரகாசத்துல பாதிக்கும் கீழ போய்டுச்சு. அது கக்கின வாயு குளிர்ந்து தூசியாகி மறைச்சிருக்குன்னு பின்னாடி சொன்னாங்க. எனக்கு அப்ப அந்தக் காரணமெல்லாம் தெரியாது, ஆனா தினம் பாத்த முகம் வாடிப்போன மாதிரி இருந்துச்சு, பக்கத்துல ரோகிணிய வச்சு ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன்.

ஆப் இல்லாம கார்த்திகை வரைக்கும் போய்ட்டீங்கன்னா எழுதுங்க, அடுத்து பைனாகுலர் பத்திப் பேசுவோம்.