ஒரே நாளில் மனச்சோர்வு குறையுமா? கெட்டமைன் ஆய்வுகள் சொல்வது என்ன?

இரண்டு மருந்துகளை மாற்றிப் பார்த்தும் தங்கைக்கு மனச்சோர்வு தீரவில்லை என்றும், கெட்டமைன் ஒரே நாளில் குணமாக்கும் என்று சொல்லும் ஆய்வுகளை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனநலப் பிரிவொன்றில் நோயாளிகளிடம் கேள்விகள் கேட்டு மதிப்பெண் குறிக்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்தவன் நான். நம்பலாம், ஆனால் அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்.

கெட்டமைன், 1970 முதல் அறுவை அரங்குகளில் புழங்கிவரும் பழைய மயக்க மருந்து. வழக்கமான மாத்திரைகள் பலன் தரப் பல வாரங்கள் ஆகும் நிலையில், மூளைச் செல்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைத் தடுக்கும் இம்மருந்து சில மணி நேரத்திலேயே மனநிலையை மாற்றியதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராத்தே குழுவினர், வேறு மருந்துகளால் பலன் காணாதவர்களுக்கு எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் 40 நிமிடங்கள் ஏற்றியபோது, 17 பேரில் 71 விழுக்காட்டினருக்கு மறுநாளே மனச்சோர்வின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. ஒரு வாரம் வரை அந்தப் பலன் நிலைத்தது 35 விழுக்காட்டினருக்கு மட்டுமே. செய்திகளில் முதல் எண் வரும். இரண்டாவது எண் பெரும்பாலும் வராது.

அந்த மதிப்பெண், 1960-இல் வெளியான ஹாமில்ட்டன் அளவுகோலின் 21 கேள்விகள் கொண்ட வடிவத்தைக் கூட்டிக் கிடைப்பது. அவற்றில் மூன்று தூக்கத்தைப் பற்றியவை; ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2. "தூக்கமெல்லாம் வருது சார், விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு தட்டிடுது, அப்புறம் அதே யோசனைதான்" என்று ஓர் அம்மா சொன்னபோது, அந்த விடியற்காலை முழுவதற்கும் நான் எழுத முடிந்தது 2 என்ற ஓர் எண்தான். தூக்கம் மட்டும் சீரானாலும் மொத்தம் ஆறு மதிப்பெண் வரை குறையும் என்பதால், எந்தெந்தக் கேள்வியில் குறைந்தது என்று பார்க்காமல் மொத்தத்தை மட்டும் பார்ப்பது போதாது.

இதைவிடப் பெரிய சிக்கல், யாருக்கு எது தரப்பட்டது என்பதை மறைப்பது. ஒருவருக்கு உப்பு நீரும் மற்றவருக்குக் கெட்டமைனும் ஏற்றினால், உடல் மிதப்பதுபோல் உணர்பவருக்குத் தனக்கு மருந்துதான் ஏறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். அந்த நம்பிக்கையே மனச்சோர்வைக் கணிசமாகக் குறைக்க வல்லது. ஆகவே 2013-இல் வெளியான ஆய்வில் உப்பு நீருக்குப் பதிலாக, கிறக்கம் தரும் மிடசோலத்தை ஒப்பீட்டுக்கு வைத்தார்கள். மறுநாள் கெட்டமைன் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினரும் மிடசோலம் பெற்றவர்களில் 28 விழுக்காட்டினரும் தேறியிருந்தார்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு காரணத்துக்காக அறுவைச் சிகிச்சைக்கு வந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேருக்கு, அவர்கள் மயக்கத்தில் இருக்கும்போதே மருந்தையோ உப்பு நீரையோ ஏற்றினார்கள். இரு பிரிவினருமே நன்கு தேறினார்கள்; இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதனால் மருந்து பொய் என்று ஆகிவிடாது. அறுவைக்குத் தந்த மயக்க மருந்துகளே குறுக்கிட்டிருக்கலாம். விழித்திருந்து பெறும் அனுபவமே சிகிச்சையின் பகுதியாகவும் இருக்கலாம். என் கருத்தில், எதிர்பார்ப்பும் கவனிப்பும் இவ்வளவு மாற்றத்தைத் தருகின்றன என்பதே இந்த ஆய்வின் முக்கியமான செய்தி. கெட்டமைனின் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்புக்கு அமெரிக்கா 2019-இல் ஒப்புதல் அளித்தபோதும், மருத்துவ இடத்திலேயே போட்டுக்கொண்டு குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அளித்தது.

தங்கையை ஏதாவது ஆய்வில் சேர்க்க அழைத்தால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா, ஒப்பீட்டுக்கு எதைத் தருகிறார்கள், ஒரு வாரத்தில் பலன் மங்கினால் அடுத்து என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதுவரை, இப்போது எடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். இரவில் நிலைமை மோசமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.