ஊசி போட்டாச்சு, திண்டிவனம் இன்னும் வரலையே!

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கல்லூரிக் காலத் தோழிகள். எல்லோருக்கும் அறுபதை நெருங்கும் வயது. நவம்பர் கடைசியில் எங்களில் ஒருத்தியின் வீட்டுக்காரருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மற்ற மூவரும் முந்தின நாளே என் காரில் கிளம்புவதாக இருக்கிறோம். ஓட்டப்போவது நான். எனக்கு பி.பி., காலையில் நீர் மாத்திரை உண்டு. ஒரு தோழி காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுகிறாள். இன்னொருத்திக்கு மூட்டுவலி, காரில் ஏறினால் குமட்டல். ‘இன்சுலினை ஐஸில் புதைத்து எடுத்து வா’, ‘அன்றைக்குத் தண்ணீரே குடிக்காதீங்க’, ‘மழை அடித்தால் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கிட்டு ஓட்டு’, ‘சாப்பாட்டுக்கு பிரெட்டும் பன்னும் போதும்’ என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு யோசனை. எதைக் கேட்பது? வீட்டிலிருந்து என்ன கட்டிக்கொண்டு போவது?

— வாசகி, மேற்குத் தாம்பரம்

பதில்: நான்கு யோசனைகளில் மூன்று தவறு. பன் யோசனை பாதி சரி. ஒவ்வொன்றாக வருவோம். அதற்கு முன் ஒரு கணக்கு.

திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக உங்கள் பயணம் சுமார் 250 கி.மீ. வெயில் நாளில் நடுவில் டீ குடித்துப் போனாலும் ஆறு மணி நேரம். கார்த்திகை அடைமழையில் அதே தூரம் ஒன்பது, பத்து மணி நேரம் இழுக்கும். மழை முதலில் கை வைப்பது உங்கள் நேரக் கணக்கில்தான். அது தவறினால் சாப்பாடு தவறும். சாப்பாடு தவறினால் இன்சுலின் போட்டவருக்குச் சர்க்கரை இறங்கும். அதனால் மருந்து, சோறு, பெட்ரோல் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு நேரத்துக்குத் திட்டமிடுங்கள். பத்து மணி நேரம் காருக்குள் அடைந்து கிடந்தாலும் யாரும் பசியோடும் மருந்தில்லாமலும் இருக்கக் கூடாது.

‘ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கிறேன், டிபனைத் திண்டிவனத்தில் பார்த்துக்கலாம்’ என்பது இப்படிப்பட்ட பயணங்களில் வழக்கமாக நடக்கும் தவறு. கலவை இன்சுலின் போட்டபின், அதன் வகையைப் பொறுத்து, உடனேயோ அரை மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டாக வேண்டும். மதுராந்தகத்துக்கு முன்னால் ஒரு லாரி சாய்ந்து கிடந்தால் போதும், அந்த அரை மணி ஒன்றரை மணியாகிவிடும். தோழி வீட்டிலேயே ஊசி போட்டு, வீட்டிலேயே நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறட்டும். வெளியில் ஊசி போட வேண்டி வந்தால், சாப்பாடு மடிக்கு வந்த பிறகுதான் இன்சுலின் பேனாவைத் திறக்க வேண்டும். கலவை மருந்தின் ஒரு பகுதி மெதுவாக வேலை செய்து நண்பகலையொட்டி உச்சத்துக்கு வரும் என்பதால் மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போட முடியாது. கட்டுச்சோறு அவசியம் என்பது இதனால்தான்.

பின்சீட்டு அரட்டை இங்கே ஒரு நல்ல கருவி. கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று மௌனமானாலோ, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுந்தாலோ, ஏசி ஓடும்போதே வியர்த்தாலோ ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது நிறைவாக மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் இரண்டு இட்லியோ ஒரு கைப்பிடி சுண்டலோ சாப்பிடட்டும். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வீட்டுச் சர்க்கரையும் மிட்டாயும்கூட விரைவில் பலிக்காது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

குளுக்கோமீட்டரில் ஒரு நுட்பம். மழையில் நனைந்த விரலில் குத்தினால் ரத்தம் நீர்த்து அளவு குறைவாகக் காட்டும்; பழம் உரித்த விரலில் குத்தினால் கூடுதலாகக் காட்டும். கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் ஈரக்காற்றிலேயே ஸ்ட்ரிப்கள் கெட்டுவிடும்.

இனி ஐஸ். பயன்பாட்டில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் வெளியிலேயே சுமார் நான்கு வாரம் தாங்கும் (சரியான நாள் கணக்கு பெட்டியில் இருக்கும்). நவம்பர் மழையில் காருக்குள் அந்தச் சூடு வராது. ஐஸில் புதைத்தால் மருந்து உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். கைப்பையில் இருக்கட்டும். டேஷ்போர்டு பெட்டி வேண்டாம், காரை நிறுத்திவிட்டுப் போகும்போது வெயில் வந்தால் அங்கே கொதிக்கும். இன்னொரு பேனாவும் ஊசிகளும் வேறொருவர் பையில் இருப்பது நல்லது.

நீர் மாத்திரையைப் பயண நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளின் வேகம் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். அவற்றைப் போய்ச் சேர்ந்தபின் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் ஒரு வாரம் முன்பே கேட்கலாம். சில நாள் முழுக்க வேலை செய்பவை, நேரத்தை மாற்றிப் பயனில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழைய உபாயம். பலன் நீர்க்கடுப்பும் தலைசுற்றலும்தான். மணிக்கு ஒரு டம்ளர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பெரிய பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். மூட்டுவலித் தோழிக்கும் அந்த நடை தேவை. நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்தால் கெண்டைக்காலில் ரத்தம் உறையும் ஆபத்து எல்லோருக்குமே உண்டு. குமட்டல் உள்ளவர் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம். குமட்டல் மாத்திரையும் சளி மாத்திரையும் தூக்கம் வரவழைப்பவை. ஓட்டுகிற நீங்கள் தும்மினாலும் அவற்றைத் தொடக்கூடாது.

போகலாமா வேண்டாமா என்பதை முந்தின இரவே, வீட்டில் வைத்தே முடிவு செய்யுங்கள். பாதி வழியில் மூன்று தோழிகள் கூடிப் பேசினால் ‘இவ்வளவு தூரம் வந்துட்டோமே’ என்ற வாதம்தான் ஜெயிக்கும். செங்கல்பட்டு, விழுப்புரம், புதுச்சேரி, கடலூர், மயிலாடுதுறை இந்த ஐந்துக்கும் வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் பொதுவாக 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. மழை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். ஒரு மாவட்டம் சிவப்பானாலும் கார் வேண்டாம். ஆரஞ்சு என்றால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், அல்லது மயிலாடுதுறைக்கு ரயில். சீர்காழியில் 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. உங்கள் பயணம் அந்த ஊர் வழியாகத்தான்.

தலைக்கு மேல் மழை விட்டுவிட்டாலும் ஆபத்து நீங்கியதாகக் கணக்கில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து சுமார் 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. விழுப்புரம் அரசூர் பக்கம் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது. உங்கள் வழியில் பாலாறு, தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று பல ஆறுகள். கிளம்பும் காலையில் அணைத் திறப்புச் செய்தியையும் பாருங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, நெடுஞ்சாலை உதவி 1033. இரண்டையும் மூன்று போனிலும் பதிந்துகொள்ளுங்கள்.

காலை ஐந்து மணி வேண்டாம். வெளிச்சம் வந்தபின் ஆறேகாலுக்குக் கிளம்புங்கள். மாலை ஐந்தே முக்காலுக்கு இருட்டிவிடும். அதற்குள் சேர முடியாது என்று மூன்று மணிக்கே தெரிந்தால் கடலூரிலோ சிதம்பரத்திலோ அறை எடுத்துவிடுங்கள். முகூர்த்தத்துக்கு விடிந்தபின்னும் போய்ச் சேரலாம்.

டயர் காடிகளுக்குள் (பள்ளங்களுக்குள்) சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மி.மீ. காடி தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கு 3 மி.மீ. ஆழமாவது இருப்பது நல்லது. காடிதான் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றுகிறது. அது போதாவிட்டால் வேகத்தில் டயர் தண்ணீர் மேல் வழுக்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். அப்போது பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். கனமழையில் 50, 60-க்கு மேல் வேண்டாம். கண்ணாடியில் பனி படிந்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி திருப்பி, காற்றை முன்கண்ணாடி மேல் விடுங்கள். உள்காற்றே சுழன்றால் மூன்று பேரின் மூச்சும் கண்ணாடியில்தான் படியும்.

நாலு இண்டிகேட்டரும் வண்டி நிற்கும்போது போடுவதற்கானவை. ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. நிற்பதாக நினைத்து அவர் சட்டென்று ஒதுங்குவார். லோ பீம் போதும். கண்ணே தெரியாத மழை என்றால் அரட்டையை நிறுத்தி, பங்கிலோ உணவகத்திலோ ஒதுங்குங்கள். புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

சாலையில் ஓடும் தண்ணீரில், ஆழம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இறங்கக் கூடாது. தேங்கிய தண்ணீர் என்றால் எதிரே வரும் காரின் சக்கரத்தைப் பாருங்கள். கால் சக்கரம், அதாவது சுமார் 15 செ.மீ. வரை, முதல் கியரில் நிற்காமல், மெதுவாகப் போகலாம். சக்கரத்தின் நடு அச்சு வரை என்றால் சுமார் 30 செ.மீ.; சின்ன கார் மிதக்கத் தொடங்கும் ஆழம் அது. நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது, எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டுதான் வளையும். காரை விட்டு இறங்கி மேட்டுக்கு வாருங்கள். சர்க்கரைத் தோழி வெறுங்காலோடு இறங்க வேண்டாம், கால் மரத்தவருக்கு ஆணி குத்தினாலும் தெரியாது. கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடைக்கட்டும்.

இப்போது சோறு. பன், பிரெட் அவசரத்துக்கு உதவும், ஆனால் வெறும் மாவு. சர்க்கரை சரசரவென்று ஏறி சீக்கிரமே இறங்கும். மூன்று பேருக்கு ஒரு வேளைப் புளியோதரை, இன்னொரு வேளைக்குப் பொடி தடவிய இட்லி, இடையில் கொறிக்கச் சுண்டல், ஆளுக்கொரு அவித்த முட்டை. இவை போதும்.

புளியோதரைக்கு 300 கிராம் பச்சரிசி. 50 கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். 80 மி.லி. நல்லெண்ணெயில் கடுகு, எட்டு மிளகாய், ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்கரைசலும் மஞ்சளும் உப்பும் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை, இருபது, இருபத்தைந்து நிமிடம், கொதிக்கட்டும். பாதியில் இறக்கினால் பச்சை வாடையோடு ஈரமும் மிஞ்சும், சீக்கிரம் கெடும். கடைசியில் வறுத்து அரைத்த முக்கால் டீஸ்பூன் வெந்தயமும் ஒரு மேசைக்கரண்டி தனியாவும். சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கடியில் ஆறவிட்டுப் பிசையுங்கள். வறுத்த வேர்க்கடலையைத் தனியாக எடுத்துப்போய்ச் சாப்பிடும்போது கலந்தால் மொறுமொறுப்பாக இருக்கும்.

சூட்டோடு டப்பாவை மூடுவதுதான் கட்டுச்சோறு கெட முதல் காரணம். ஆவி மூடியில் பட்டு நீராகச் சொட்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. மிதச்சூட்டில் ஈரத்தோடு கிடந்தால் அவை பெருகி நஞ்சு உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. புளியின் புளிப்பு அதை அடக்கும். வெண்பொங்கலுக்கும் உப்புமாவுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை, அவை வேண்டாம். தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். சுண்டலில் தேங்காய்க்குப் பதில் எலுமிச்சை பிழியுங்கள். இட்லியை ஆறவைத்து இரு பக்கமும் மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் மாலை வரை மெத்தென்று இருக்கும்.

சர்க்கரைத் தோழிக்கு ஒரு கிண்ணம் புளியோதரை, ஒரு கிண்ணம் சுண்டல், முட்டை என்பது சரியான அளவு. உங்களுக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம், புளியோதரையிலேயே போதுமான உப்பு இருக்கிறது. குமட்டலுக்குச் சுக்குமல்லிக் காப்பி: மூன்று டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சுக்கு, இரண்டு டீஸ்பூன் மல்லி, தட்டிப்போட்டு பாதியளவு வற்றும் வரை. ஃபிளாஸ்க்கில் ஐந்து நிமிடம் கொதிநீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு நிரப்பினால் மதியம் வரை சூடு நிற்கும். கருப்பட்டியைத் தனியே கட்டிக்கொள்ளுங்கள், வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

மிஞ்சிய சோற்றை மறுநாளுக்கு வைக்க வேண்டாம், அன்றிரவே கொட்டிவிடுங்கள். திரும்பும்போது அங்கிருந்து கட்டிக்கொண்டு வர கல்யாணச் சமையல்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். தயிர்சாதம் கேட்டால், பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விடச் சொல்லுங்கள். சாப்பிடும் நேரத்துக்குள் அது பதமாக உறைந்திருக்கும்.