பெட்டி வருவதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்

கேள்வி: வணக்கம் வக்கீல் சார். எனக்கு 24 வயது. மண்டபம் பக்கம் ஊர். ராமநாதபுரத்தில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே பாம்பு என்றால் எனக்குப் பயமில்லை, ஆசைதான். ஆன்லைன் விளம்பரம் ஒன்றில் 'பால் பைத்தான் குட்டி, லைசென்ஸோடு, 6,500 ரூபாய்' என்று பார்த்துப் பேசினேன். அது வெளிநாட்டு மலைப்பாம்பு வகை. மற்ற இடங்களில் இதைவிட மூன்று நான்கு மடங்கு விலை சொல்கிறார்கள். 2,000 ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் வந்தது (இணைத்திருக்கிறேன்). தெர்மோகோல் பெட்டியில் 'மீன் குஞ்சு' என்று எழுதி, சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்து, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து 'வனத்துறையில் இருந்து பேசுகிறோம், உன் பெயரில் கேஸ் பதிவாகியிருக்கிறது, 15,000 கட்டினால் முடித்துவிடலாம்' என்று மிரட்டுகிறார்கள். இதற்கிடையில் உச்சிப்புளி நண்பன் ஒருவன், கருவேலங்காட்டில் கிடைத்த மலைப்பாம்புக் குட்டியைப் பெயின்ட் வாளியில் வைத்திருக்கிறான். 1,500 கொடுத்தால் தருகிறேன் என்கிறான். அடுத்த வருடம் துபாய் போகும் எண்ணம் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. பெட்டி இன்னும் பஸ் ஏறவில்லை. இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் அதுதான். 2,000 ரூபாய் போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. அதை மீட்கும் வழிக்குப் பிறகு வருகிறேன். ஆனால் பெட்டி உங்கள் கைக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், உங்கள் அம்மா எழுதியிருப்பார்.

நீங்கள் அனுப்பிய சான்றிதழைப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் படித்தேன். 2021 மார்ச் என்று தேதி. கீழே '49எம் பிரிவின்படி, அட்டவணை 4' என்று இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதில் 49எம் என்ற பிரிவைச் சேர்த்தது 2022-ஆம் ஆண்டுத் திருத்தம். அது நடைமுறைக்கு வந்த நாள் 2023 ஏப்ரல் 1. வெளிநாட்டு உயிரினங்களுக்கான இன்றைய நான்காம் அட்டவணையும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். பிறக்காத பிரிவின் கீழ் 2021-இல் யார் சான்றிதழ் கொடுத்திருக்க முடியும்? இதைவிட மோசமான ஒன்று அந்தத் தாளின் நடுவில் இருக்கிறது. உயிரினத்தின் பெயர் 'பைத்தான் மொலூரஸ்' என்று போட்டிருக்கிறார்கள். பால் பைத்தானின் அறிவியல் பெயர் பைத்தான் ரீஜியஸ். அது ஆப்பிரிக்கப் பாம்பு. மொலூரஸ் என்பது நம்முடைய மலைப்பாம்பு. அது முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியவர்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. இந்தத் தாளை ஒரு அதிகாரி முன்னால் நீட்டினால், உங்களைக் காப்பாற்ற வேண்டிய காகிதமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

அப்படியானால் பால் பைத்தானைச் சட்டப்படி வாங்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அது வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. வைத்திருப்பவர் மாநில தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிந்திருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில் அறிவிக்கப்பட்டன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் தவணை தந்தார்கள், அது முடிந்துவிட்டது. இப்போது புதிதாக வாங்குகிறவர், கைக்கு வந்த 30 நாளுக்குள் தன் பெயரில் பதிய வேண்டும். குட்டி பொரித்தாலும், செத்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். ஆகவே விற்கிறவரிடம் கேட்க வேண்டியது படம் அல்ல, விலை அல்ல. அவர் பெயரில் உள்ள பதிவு, தாய்ப் பாம்பின் பதிவு, குட்டி பிறந்ததைத் தெரிவித்த ரசீது, இவற்றைத்தான். 'இது 2020-லேயே டிக்ளேர் பண்ண பாம்போட குட்டி சார்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். 2020 ஜூனில் மத்திய அரசு அப்படியொரு தானாக முன்வந்து அறிவிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அறிவித்தவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. குட்டி பிறந்ததை அவர் தெரிவிக்கவில்லை என்றால் குட்டிக்குக் காகிதம் கிடையாது.

கார்ன் ஸ்நேக் என்று இன்னொன்று விற்கிறார்கள். அது சைட்டிஸ் பட்டியலில் இல்லை, எனவே பிரச்சினையில்லை என்று விளம்பரத்திலேயே எழுதுகிறார்கள். பட்டியலில் இல்லை என்பது சரி. ஆனால் நாட்டுக்குள் எப்படி வந்தது? பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் துணிக்கு நடுவே பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அனுமதியில்லாமல் வந்த சரக்கு சுங்கச் சட்டப்படி பறிமுதலுக்கு உரியது. தெரிந்தே வாங்கினால் உங்களையும் இழுக்கும். மற்றவர்களைவிட மூன்று மடங்கு மலிவு என்றீர்களே, அந்த வித்தியாசம் காகிதத்தின் விலை. காகிதம் இல்லாததால்தான் அந்த விலைக்குத் தர முடிகிறது. இல்லையென்றால், தருவதற்குப் பாம்பே இல்லை.

பஸ் பெட்டி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கமிருந்துதான் மீன் பெட்டி சென்னைக்கு ஏறும். எதிர்த் திசையில் மண்டபத்துக்கு ஒரு மீன் பெட்டி இறங்கினால், லோடு இறக்கும் பையனுக்கே உறுத்தும். அதுவும் எந்தக் கடற்கரை? வனத்துறை, சுங்கம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், காவல்துறையின் கியூ பிரிவு என்று எல்லோரும் பார்சல்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்து நிற்கும் கடற்கரை. கடல் அட்டை கேஸ் என்றால் என்னவென்று உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001-இல் தடை வந்த பிறகு, கடலில் கிடைத்ததைத்தானே எடுத்தோம் என்று சொல்லிச் சிறைக்குப் போன மீனவர்களின் பெயர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். அதே சட்டம்தான் இது. வண்டியில் எடுத்து வந்தால் வண்டியும் பிடிபடும். அதைத் திரும்ப வாங்கத் தனியாகக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் சாதாரண ஆட்கள் ஏமாறும் இடம் 57-ஆம் பிரிவு. மற்ற வழக்குகளில் நீங்கள் குற்றம் செய்தீர்கள் என்று அரசு நிரூபிக்க வேண்டும். இங்கே உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால் போதும். சட்டப்படிதான் வைத்திருந்தேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். 52-ஆம் பிரிவு முயற்சியையும் உடந்தையையும் குற்றம் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். மகன் கல்லூரிப் பையன். இரண்டு நட்சத்திர ஆமைகளைச் செருப்பு அட்டைப் பெட்டியில் வைத்துக் கீரைத்தண்டு போட்டு வளர்த்திருக்கிறான், யாரோ 'ராசி' என்று விற்றதாம். பையன் ஜாமீனில் வந்துவிட்டான். ஆனால் வழக்கு நிலுவையில் இருந்ததால் பாஸ்போர்ட் நின்றது, கையில் இருந்த கத்தார் வேலை போனது. அந்த அம்மா கோர்ட் வராந்தாவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதியம் வரை உட்கார்ந்திருந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. துபாய் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. விற்றவருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'சான்றிதழ் சரியாக இல்லை, எனக்கு இந்தப் பாம்பு வேண்டாம், எதையும் அனுப்ப வேண்டாம், 2,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.' அவ்வளவு போதும். திட்டாதீர்கள், பேரம் பேசாதீர்கள். அப்புறம் எந்தப் பேச்சையும் அழிக்காதீர்கள். விளம்பரம், சான்றிதழ், பணம் போன ரசீது, மிரட்டல் வந்த நம்பர், எல்லாம் போனிலேயே இருக்கட்டும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதும் என்று போனை மாற்றிவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்று தேவைப்படும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

அந்த 'வனத்துறை அதிகாரி'க்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இந்தச் சட்டத்தில் சமரசத் தொகை கட்டி முடிக்கும் வழி ஒன்று உண்டு, 54-ஆம் பிரிவு. ஆனால் அது அதிகாரம் பெற்ற அதிகாரி முன்னிலையில், எழுத்து மூலம், ரசீதோடு நடப்பது. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு அதுவும் கிடையாது. ஜிபே நம்பருக்குப் பணம் கேட்பவர் அதிகாரி அல்ல. விற்றவரின் கூட்டாளியாகத்தான் இருப்பார். அரசு ஊழியர் போல நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவில் குற்றம், ஏமாற்றுவது 318, மிரட்டிப் பணம் கேட்பது 308.

1930-க்கு இன்றே போன் செய்து சைபர் குற்றப் புகார் பதியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அந்தக் கணக்கிலேயே முடங்க அவ்வளவு வாய்ப்பு. 'பாம்பு வாங்கப் போனேன் என்று சொன்னால் என்னையே பிடிப்பார்களே' என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. லைசென்ஸ் உண்டு என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டினேன், 'மீன் குஞ்சு' என்று எழுதி அனுப்புவதாகச் சொன்னதும் சந்தேகப்பட்டு நிறுத்தினேன் என்பது உண்மை. அதை அப்படியே எழுதுங்கள். ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். போகும் முன் ராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் புகாரைக் காட்டிவிடுங்கள். கட்டணம் கஷ்டம் என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆலோசனைக்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக நண்பனின் வாளி. உண்மையில் எனக்கு இதுதான் அதிகக் கவலை. அது மலைப்பாம்புதான் என்றால், காட்டில் கிடைத்ததைப் பிடித்ததே சட்டத்தின் கண்ணில் வேட்டை. வாங்கினால் நீங்களும் அதே கூண்டில். பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் இருளர்கள்கூட, வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, அரசு அனுமதி வாங்கித்தான் விஷம் எடுப்பதற்குப் பிடிக்கிறார்கள். ஆனால் அது மலைப்பாம்பு என்று யார் சொன்னது? கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுப்பது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டுக்கும் உடம்பில் பழுப்புத் திட்டுகள், இரண்டும் தடித்திருக்கும். விரியன் குட்டிக்குப் பிறந்த நாளிலிருந்தே விஷம் உண்டு.

நண்பனுக்கு இப்போதே போன் செய்யுங்கள். வாளியை மூடி, மேலே கனமாக எதையாவது வைத்து, யாரும் கை விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டபம் வனச்சரக அலுவலகத்துக்கோ தீயணைப்புத் துறை 101-க்கோ தகவல் சொல்லட்டும். தானே கொண்டுபோய் எங்கோ விட்டுவரவும் வேண்டாம். வீட்டுப் பக்கம் வந்தது, பயத்தில் மூடி வைத்தேன் என்று கதை கட்ட வேண்டாம். எங்கே கிடைத்ததோ அதைச் சொல்லி ஒப்படைக்கட்டும். தானாகக் கூப்பிட்டு ஒப்படைத்தவன் நிலை வேறு, தேடி வந்து பிடிபட்டவன் நிலை வேறு. ஏற்கெனவே யாரையாவது கடித்திருந்தால் எந்தப் பாம்பு என்று ஆராயாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். என் பதிலின் மற்ற பகுதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.