காபி, உப்பு, பொட்டாசியம் சிரப்: இந்த வாரக் கேள்விகள்

கே: அப்பாவுக்கு பொட்டாசியம் சிரப் எழுதியிருக்காங்க. உப்புக் கரிக்குதுங்கறார், காபில கலந்து குடுக்கலாமா?

வேணாம். அரை டம்ளர் பச்சத்தண்ணில கலந்து, சாப்பிட்டதும், கொஞ்சம் கொஞ்சமா குடிக்கச் சொல்லுங்க. வெறும் வயித்துல போனா எரியும், குமட்டும், கூட காபியும் சேர்ந்தா கேக்கவே வேணாம். காபிய தனியா ஒண்ணு ரெண்டு டம்ளர் குடிக்கட்டும். நாளைக்கு ஏழெட்டு டம்ளர் ஸ்ட்ராங்கா உள்ள தள்ளுற ஆளா இருந்தா அந்தக் காபியே பொட்டாசியத்த இறக்கும், டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

கே: தைராய்டு மாத்திரை, கால்சியம், காபி மூணையும் காலைல ஒண்ணா முடிச்சிடறேன். ஓகேவா?

தைராய்டு மாத்திரை வேலையே செய்யாமப் போயிடும்மா. அத வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க, முக்கால் மணி நேரம் கழிச்சு காபி. கால்சியம் நாலு மணி நேரம் தள்ளி, கார்பனேட்னா மதிய சாப்பாட்டோட. பாலக்கீரை செஞ்ச அன்னிக்கு வேற வேளைக்கு மாத்திக்குங்க.

கே: பிபி மாத்திரை சாப்பிடறேன், இளநீர் குடிக்கலாமா?

இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்தி, அதனால எந்த மாத்திரைங்கறதப் பொறுத்தது. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன்லாம் பொட்டாசியத்த உடம்புலயே தேக்கும், ஃபுரோசமைட் வெளிய தள்ளும், ரெண்டுக்கும் ஒரே பதில் எப்படி சொல்றது? மாத்திரை பேரு, கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) ரெண்டையும் எழுதுங்கன்னு எத்தனை தடவதான் சொல்றது.

இளநீராவது என்ன குடிச்சோம்னு ஞாபகம் இருக்கும். எனக்கு வயித்தெரிச்சல் அந்த 'லோ சோடியம்' உப்புதான். சோடியத்தக் குறைச்சுட்டு அந்த எடத்துல பொட்டாசியம் குளோரைட போடறான். 30 சதவீதம்னு வைங்க, ஒரு டீஸ்பூன்ல ஒன்றரை கிராம் வருது, மேல கேட்டவரோட அப்பா குடிக்கற சிரப்புல 15 மில்லிக்கு இருக்கறதும் கிட்டத்தட்ட அதேதான்! பாட்டில்ல இருந்தா மருந்து, பாக்கெட்ல வந்தா மளிகை சாமான். கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அந்த உப்பு பிபிக்கு நல்லதுதான், 2025ல உலக சுகாதார நிறுவனமும் அப்படித்தான் சொல்லிச்சு, ஆனா கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கு இது பொருந்தாதுன்னும் அதுலயே இருக்கு, அந்த வரிய யாரு படிக்கறா? மருந்துக் கவுண்டர்ல 'சாப்பாட்டுல எதாவது மாத்துனீங்களா'ன்னு கேட்டா 'ஒண்ணுமில்லயே'ம்பாங்க, உப்பு மாத்துனது கணக்குலயே வராது. ரத்தத்துல பொட்டாசியம் 6 தாண்டிப் போனா வலி, காய்ச்சல்னு எதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு தாறுமாறாகும். டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போடறவங்க டாக்டரக் கேக்காம அந்த உப்ப வீட்டுக்குள்ள சேக்காதீங்க.

கே: மனநிலைக்கு லித்தியம் மாத்திரை எடுக்கறேன். நேத்தோட காபிய விட்டுட்டேன், நல்லதுதானே?

திடீர்னு விட்டா ரத்தத்துல லித்தியம் ஏறும். உப்ப சட்டுனு குறைச்சாலும் அப்படித்தான். இன்னிக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

கே: பையனுக்கு பேதி. ஓஆர்எஸ் பாதி பாக்கெட், ஒரு டம்ளர் தண்ணி, ருசிக்கு சர்க்கரை போட்டுக் குடுத்தேன்.

சர்க்கரை சேர்த்தா பேதி கூடும். 20 கிராம் பாக்கெட்டுன்னா முழுசா ஒரு லிட்டர் தண்ணில, 4 கிராம்னா 200 மில்லில, மிச்சத்த மறுநாள் கொட்டிடுங்க. பாக்கெட்டுலயே எழுதியிருக்கு, தயவுசெஞ்சு படிங்க.